கொழுந்துக் கணக்குச் செயலி: கடைக் கட்டணத்தைக் கணக்குப் பார்த்துக் கட்டிய விதம்

தேயிலை மலையில் கொழுந்து ஒரு நாளைக்கு இரண்டு தடவையோ மூன்று தடவையோ நிறுக்கப்படுகிறது. தராசில் நிற்கிற எடை ஒன்று. சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்து எழுதப்படுகிற எடை இன்னொன்று. மாதம் முடிந்து சம்பளத் துண்டு கைக்கு வரும்போது, அதிலுள்ள கிலோ சரியா என்று கேட்டால், தினமும் கொப்பியில் எழுதி வைத்தவரிடம் மட்டுமே பதில் இருக்கும். அந்தக் கொப்பியின் வேலையைப் போனில் செய்வதற்கான சின்னச் செயலி இது. இலங்கை மலையகத்தில் அட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கம் லயங்களில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) புழங்கும் போன்களை மனதில் வைத்துக் கட்டியது. விலை குறைந்த அண்ட்ரொய்ட், வீட்டுக்கு ஒரு டச் போன், ரீலோட் போட்ட அன்றைக்கு மட்டும் டேட்டா, மலையில் சிக்னல் வந்தால் வந்தது.

இப்படி ஒன்றைக் கட்டுகிறவர்கள் முதலில் திரையை வரையத் தொடங்குவார்கள். அதற்கு முன்னால் முடிவாக வேண்டியது, செயலி எந்த வழியாக ஆட்களின் கைக்குப் போகும் என்பது. பிளே ஸ்டோரா, அப்பிளின் ஆப் ஸ்டோரா, வெறும் இணைய முகவரியா, கையோடு கொடுக்கும் ஏ.பி.கே. (அண்ட்ரொய்டில் செயலியை நிறுவும்) கோப்பா? இதைப் பொறுத்துத்தான் எந்த மொழியில் எழுதுவது, தரவை எங்கே வைப்பது, ஆண்டுக்கு எவ்வளவு செலவு என்பதெல்லாம் அமையும்.

காசுக் கணக்கு

ஆப் ஸ்டோர் கட்டணம் என்றாலே, செயலிக்குள் நடக்கும் விற்பனையில் கடை எடுக்கும் 30 சதவீதம் பற்றித்தான் பேச்சு. வழக்குகளும் அதைச் சுற்றித்தான். 2020 ஓகஸ்டில் எபிக் நிறுவனம் தன் ஃபோர்ட்நைட் விளையாட்டில் நேரடிக் கட்டண வழியைத் திறந்தது. அன்றே அப்பிளும் கூகுளும் அதைக் கடையிலிருந்து நீக்கின. அந்த வழக்கின் வால் இன்னும் நீள்கிறது. வெளி இணைப்பு வழியாக நடக்கும் விற்பனைக்கு அப்பிள் 27 சதவீதம் கேட்டதும், 2025 ஏப்ரல் 30இல் அமெரிக்க நீதிமன்றம் அதைத் தடுத்ததும் அமெரிக்கக் கடைக்குரிய விடயங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 2024 மார்ச்சிலிருந்து தனிச் சட்டம். இலங்கையில் இருந்து இலங்கை ஆட்களுக்குச் செய்கிற சின்னச் செயலிக்கு இவை எவையும் கணக்கை மாற்றுவதில்லை.

மாற்றுவது நிலையான செலவு. டொலர் 300 ரூபாய் என்று வைப்போம். கூகுள் பிளே கணக்குக்கு ஒரே தடவை 25 டொலர், அதாவது 7,500 ரூபாய். அப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டொலர், 29,700 ரூபாய். சந்தாவை ஆண்டுக்கு 300 ரூபாய் என்று வைத்தால், சின்ன நிறுவனங்களுக்கான 15 சதவீதம் போகக் கைக்கு வருவது 255 ரூபாய். அப்பிளின் ஆண்டுக் கட்டணத்தை அடைக்க மட்டும் 117 சந்தா வேண்டும். அதே கணக்கை 30 சதவீதத்தில் போட்டால் 142. ஆக, உலகமே சண்டை பிடிக்கிற அந்தச் சதவீத வித்தியாசம் இங்கே 25 சந்தாதான். 117 என்பது உள்ளே நுழைவதற்கே. பிளேயில் 30 சந்தாவோடு நுழைவுக் காசு தீர்ந்துவிடும், அடுத்த ஆண்டு மறுபடி கேட்கவும் மாட்டார்கள்.

அந்த 15 சதவீதமும் அப்பிளில் தானாக வராது. 2021 ஜனவரியில் தொடங்கிய சின்ன நிறுவனத் திட்டத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆண்டு வருமானம் பத்து இலட்சம் டொலருக்குள் இருக்க வேண்டும். கூகுளில் 2021 ஜூலையிலிருந்து முதல் பத்து இலட்சம் டொலருக்கு 15 சதவீதம் என்று ஆனது. சந்தாக்களுக்கு 2022 ஜனவரியிலிருந்து முதல் நாளே 15.

இதைவிடப் பயனுள்ள ஒரு விதி உண்டு. கையில் தொடக்கூடிய பொருளுக்கும், செயலிக்கு வெளியே நடக்கிற சேவைக்கும் கடைகள் பங்கு கேட்பதில்லை. அவற்றுக்குக் கடையின் கட்டண முறையைப் பயன்படுத்தவும் கூடாது. நுவரெலியா மரக்கறி, தேயிலைப் பைக்கற், எல்லவில் அறை, ஓட்டோ வாடகை எல்லாம் இந்தப் பக்கம். செயலிக்குள்ளேயே திறக்கிற வசதி, பாடம், சந்தா எல்லாம் 15 அல்லது 30 விழுகிற பக்கம். மலையகத்தில் யோசிக்கப்படுகிற செயலிகளில் கணிசமானவை முதல் பக்கத்தைச் சேர்ந்தவை என்பதால், சதவீதத்துக்குப் பயந்து திட்டத்தைக் கைவிடுவதற்குக் காரணமே இல்லை.

கொழுந்துக் கணக்குக்குக் காசு வாங்குவதில்லை என்று முடிவு. சம்பளத் துண்டைச் சரிபார்க்க ஒரு தொழிலாளியிடம் சந்தா கேட்பது நியாயமும் இல்லை. அப்படியானால் நிலையான செலவைக் குறைத்தே ஆக வேண்டும். ஆகவே உள்ளே ஓடுவது முழுக்க இணையத் தொழில்நுட்பம். கடைக்குக் கடை மேலே ஒரு மெல்லிய உறை மட்டும்.

எடையும் திகதியும்

ஒரு பதிவுக்கு இவ்வளவு போதும்: ஆள், திகதி, மலை நம்பர், எத்தனையாம் நிறுவை, தராசு எடை, கழிவு. எழுதப்பட்ட எடையைக் கழித்தெடுக்கலாம். ஒரே போனில் தாய், மகள், மருமகள் மூவரின் கணக்கும் இருக்கும் என்பதால் ஆள் என்ற களத்தை முதல் நாளிலேயே வையுங்கள். பிறகு சேர்த்தால் பழைய பதிவுகளைப் பிரிக்க முடியாது. பதிவு ஒன்று 150 பைட் என்று வைத்தால், நாளுக்கு 3 நிறுவை, ஆண்டுக்கு 300 நாள் என்றாலும் ஒருவருக்கு 135 கிலோபைட்தான். சேமிக்கும் இடம் பிரவுசருக்குள்ளேயே இருக்கும் இண்டெக்ஸ்ட் டிபி என்ற தரவுக் கிடங்கு. வெளி சேர்வர் எதுவும் வேண்டாம்.

எடையைக் கிலோவில் தசமமாகச் சேமிக்க வேண்டாம். இணையச் செயலியை எழுதும் மொழியான ஜாவாஸ்கிரிப்டில் 1.1ஐயும் 2.2ஐயும் கூட்டினால் 3.3000000000000003 வரும். 0.1ஐப் பத்துத் தடவை கூட்டினால் 1 வராது, 0.9999999999999999தான் வரும். காட்சிக்கு இது சின்ன விடயம், ஆனால் முழுப்பேரா அரைப்பேரா (முழு நாட்சம்பளமா, அரை நாட்சம்பளமா) என்று ஒப்பிடும் வரியில் இது விழுந்தால், சரியாக நோர்மை (அன்றைக்குப் பறிக்க வேண்டிய கிலோவை) எட்டிய நாளைச் செயலி அரைப்பேர் என்று காட்டிவிடும். எடையைக் கிராமில் முழு எண்ணாக வையுங்கள்: 14.5 கிலோ என்பது 14500. திரையில் காட்டும்போது மட்டும் 1000ஆல் வகுங்கள்.

நோர்ம் தோட்டத்துக்குத் தோட்டம், பருவத்துக்குப் பருவம் மாறும். மேலதிகக் கிலோவுக்கான காசும் மாறும். நாட்சம்பளமும் அப்படித்தான்: 2021 மார்ச்சில் 1,000 ரூபாய் ஆனது, 2024 செப்டெம்பரில் 1,350. இவற்றில் எதையும் நிரலுக்குள் எண்ணாகப் பதிக்க வேண்டாம். அமைப்புப் பக்கத்தில் ஒரு எண் மட்டும் வைத்தாலும் பிழைதான். அதை மாற்றிய நிமிடம் போன ஆண்டுக் கணக்கெல்லாம் புதுச் சம்பளத்தில் கூட்டப்படும். வீதங்களுக்குத் தனி அட்டவணை, ஒவ்வொரு வரிக்கும் 'இந்தத் திகதியிலிருந்து' என்ற களம். ஒரு நாளைக் கணக்கிடும்போது, அந்த நாளுக்கு முன்னோ அந்த நாளிலோ தொடங்கிய வரிகளில் கடைசியானதை எடுக்க வேண்டும்.

அடுத்தது திகதி. இலங்கை நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முந்தியது. ஜாவாஸ்கிரிப்டில் திகதியை எழுத்தாக்க எல்லோரும் பயன்படுத்தும் ஐ.எஸ்.ஓ. முறை பொது நேரத்தில் எழுதும். மார்ச் 1ஆம் திகதி நள்ளிரவு என்று உருவாக்கிய பொருளை அதில் எழுதினால் பெப்ரவரி 28, மாலை 6.30 என்று வரும். விளைவு, மாதத்தின் முதல் நாள் கொழுந்து முந்தின மாதத்தில் விழும். பகல் நேரத்தில் சோதித்தால் இந்தப் பிழை தெரியவே தெரியாது, விடியற்காலை 5.30க்கு முன் பதிந்தால் மட்டும் ஒரு நாள் பின்னே போகும், அல்லது மாதக் கூட்டலில் மட்டும் தெரியும். ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் உள்ளூர் நேரத்திலிருந்து தனித்தனியே எடுத்து, மாதத்துக்கு 1 கூட்டி (ஜனவரி என்பது அங்கே 0), இரண்டு இலக்கமாக நிரப்பி '2025-03-01' என்று எழுத்தாகவே சேமிப்பது பாதுகாப்பு.

விசைப்பலகையைப் போனிடம் விடாமல் நாமே வரைவது நல்லது: வரிக்கு மூன்றாக நான்கு வரி, 0 முதல் 9 வரை, புள்ளி, அழி என 12 பொத்தான். பொத்தானுக்கு அண்ட்ரொய்ட் சொல்லும் குறைந்தபட்ச அளவு 48 டி.பி. (திரை அளவலகு). மழையில் நனைந்த விரலுக்கு அது போதாது, 64 வையுங்கள். தமிழ் எழுத்துருவைச் செயலியோடு சேர்க்க வேண்டாம். அண்ட்ரொய்டிலும் ஐபோனிலும் தமிழ் எழுத்துரு உள்ளேயே இருக்கிறது. சேர்த்தால் முதல் தரவிறக்கம் வீணாகப் பெருக்கும்.

சிக்னல் இல்லாத இடத்தில் திறப்பது

இணையச் செயலியை நிறுவக்கூடியதாகவும் சிக்னல் இல்லாமல் திறக்கக்கூடியதாகவும் ஆக்க, செயலியின் பெயரையும் படத்தையும் சொல்லும் மேனிஃபெஸ்ட் கோப்பு, 192, 512 பிக்சலில் இரண்டு படம், கோப்புகளைப் போனிலேயே சேமித்துத் தரும் பின்னணி நிரலான சர்வீஸ் வொர்க்கர், எச்.டி.டி.பி.எஸ். முகவரி ஆகியவை வேண்டும். தளத்தைக் கிட்ஹப் பேஜஸ், கிளவுட்ஃப்ளேர் பேஜஸ் போன்ற சேவையில் இலவசமாக வைக்கலாம்.

சர்வீஸ் வொர்க்கரில் இரண்டு இடத்தில் கால் தடுக்கும். எல்லாக் கோப்புகளையும் ஒரே கட்டளையில் சேமிப்பில் போடும்போது, ஒன்று கிடைக்காமல் போனாலும் முழு நிறுவலும் தோற்கும். செயலி ஆன்லைனில் நன்றாக ஓடும், ஓஃப்லைனில் திறக்காது, பிழைச் செய்தியும் திரையில் வராது. பெயர் மாற்றிய ஒரு ஐகான் கோப்பு இதற்குப் போதும். குரோம் டெவ்டூல்ஸில் அப்ளிகேஷன் பகுதிக்குப் போய், சர்வீஸ் வொர்க்கர் இயங்கும் நிலைக்கு வந்ததா என்று பாருங்கள். பிறகு போனை விமான நிலைக்கு மாற்றித் திறந்து பாருங்கள். இரண்டாவது, புதுப் பதிப்பு. புதிய சர்வீஸ் வொர்க்கர் இறங்கினாலும், பழையது திறந்திருக்கிற எல்லாப் பக்கமும் மூடப்படும் வரை காத்திருக்கும். போனில் யாரும் செயலியை முழுதாக மூடுவதில்லை என்பதால் வாரக்கணக்கில் பழையதே ஓடும். காத்திருக்காமல் உடனே மாறச் செய்யும் கட்டளை உண்டு. ஆனால் ஆள் எடை அடித்துக்கொண்டிருக்கும்போது திரை புதுப்பிக்கப்பட்டால் பதிவு போய்விடும். 'புதிய பதிப்பு இருக்கிறது' என்று ஒரு பொத்தானைக் காட்டி, அதை அழுத்தும்போது மட்டும் மாற விடுங்கள்.

தரவு அழிந்துபோவதுதான் பெரிய ஆபத்து. நிலையான சேமிப்பு வேண்டும் என்று பிரவுசரிடம் முதல் பதிவிலேயே கேளுங்கள். இடம் குறைந்த போனில் அது கிடைக்காவிட்டால் பிரவுசர் தானாகத் துடைக்க வாய்ப்புண்டு. ஆகவே மாதம் ஒருமுறை கோப்பாக்கி வட்ஸ்அப்பில் அனுப்பும் பொத்தான் கட்டாயம். இங்கே சி.எஸ்.வி. என்ற அட்டவணைக் கோப்பு வகையைத் தேர்ந்தெடுங்கள், குரோமின் பகிர்வு வசதி ஜேசன் கோப்பை ஏற்காது. கோப்பின் தொடக்கத்தில் யூ.டி.எஃப்-8 குறியை வைக்காவிட்டால், டவுன் கொமியூனிகேஷன் கடையில் எக்செலில் திறக்கும்போது தமிழ்ப் பெயரெல்லாம் குப்பையாகத் தெரியும். அந்தக் கோப்பிலிருந்து திரும்ப ஏற்றிப் பார்க்காத வரை அதைக் காப்புப் பிரதி என்று நம்ப வேண்டாம்.

உறை: எதை எங்கே

அதே இணையச் செயலியை அண்ட்ரொய்ட் செயலியாக்க இரண்டு வழி. ஒன்று, கூகுளின் பபிள்ராப் கருவி. கணினியில் நோட், ஜே.டி.கே. 17, அண்ட்ரொய்ட் எஸ்.டி.கே. என்ற மென்பொருள்கள் இருந்தால், மேனிஃபெஸ்ட் முகவரியைக் கொடுத்து இரண்டு கட்டளையில் ஏ.ஏ.பி. (பிளேயில் ஏற்றும் கோப்பு), ஏ.பி.கே. இரண்டும் கிடைக்கும். உள்ளே ஓடுவது போனிலுள்ள குரோம்தான், அதனால் கோப்பு மிகச் சின்னது. இதில் எல்லோரும் மாட்டுகிற சிக்கல், செயலியின் தலையில் முகவரிப் பட்டை தெரிவது. இணையதளமும் செயலியும் ஒரே ஆளுடையவை என்று காட்ட, தளத்தின் வேரிலே '.வெல்-நோன்' (.well-known) கோப்புறைக்குள் அசெட்லிங்க்ஸ் (assetlinks.json) கோப்பை வைத்து, அதில் செயலி யாருடையது என்று காட்டும் கையொப்பச் சாவியின் ஷா-256 ரேகையை எழுத வேண்டும். நம் கணினியிலுள்ள சாவியின் ரேகையை மட்டும் எழுதினால், கைச்சோதனையில் பட்டை மறைந்திருக்கும், பிளே ஸ்டோரிலிருந்து இறக்கினால் திரும்பத் தெரியும். காரணம், பிளே தன் சாவியால் மறுபடி கையொப்பமிடுகிறது. பிளே கொன்சோலில் ஆப் சைனிங் பக்கத்திலுள்ள ரேகையையும் எடுத்து, இரண்டையும் எழுதுங்கள். கிட்ஹப் பேஜஸில் வைத்திருந்தால், புள்ளியில் தொடங்கும் கோப்புறையை அது விட்டுவிடும், '.நோஜெகில்' (.nojekyll) என்ற வெற்றுக் கோப்பை வேரில் போட வேண்டும். துணைப் பாதையில் இருக்கும் திட்டத் தளத்துக்கு வேர் என்பது உங்கள் பயனர் பெயரிலுள்ள தளம், அதையும் கவனியுங்கள்.

பபிள்ராப் உறையின் குறை மலையில்தான் வெளிப்படும். நிறுவியபின் முதல் தடவை திறப்பதற்கு சிக்னல் வேண்டும், ஏனென்றால் கோப்புகள் அப்போதுதான் இறங்கும். டவுனில் நிறுவி, லயத்துக்கு வந்து திறந்தால் வெறும் பிழைத்திரை. ஆகவே கையோடு கொடுக்கும் பிரதிக்கு இரண்டாவது வழியான கெப்பாசிட்டர் என்ற கருவிதான் சரி. அதில் எல்லாக் கோப்பும் ஏ.பி.கே.க்குள்ளேயே இருக்கும். ஆனால் அதற்கும் சில நிபந்தனைகள். உள்ளே ஓடுவது வெப்வியூ, அதாவது செயலிகளுக்குள் இணையப் பக்கத்தைக் காட்டும் அண்ட்ரொய்டின் பகுதி. பிரவுசரின் பகிர்வு வசதி அதில் இல்லை, கோப்பு தரவிறக்கமும் நேராக நடக்காது. ஃபைல்சிஸ்டம், ஷெயர் என்ற இரு செருகுநிரலைச் சேர்க்க வேண்டும். குரோமில் பதிந்த கணக்கு கெப்பாசிட்டர் செயலிக்குத் தெரியாது, இரண்டும் வேறு முகவரியாகக் கருதப்படும், சி.எஸ்.வி. வழியாகத்தான் மாற்ற வேண்டும். கெப்பாசிட்டரைப் பழைய பதிப்பிலிருந்து 6க்கு உயர்த்தும்போதும் இதே காரணத்தால் தரவு காணாமல் போகும்: 6இலிருந்து உள் முகவரி எச்.டி.டி.பி.யிலிருந்து எச்.டி.டி.பி.எஸ்.க்கு மாறிவிட்டது. அமைப்புக் கோப்பில் பழைய முறையையே எழுதி வைத்தால் தரவு நிற்கும்.

பழைய போன்களில் வெப்வியூ பல ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படாமல் கிடக்கும். வினாக்குறியும் புள்ளியும் சேர்ந்த புதிய ஜாவாஸ்கிரிப்ட் எழுத்துமுறை குரோம் 80க்கு முந்தியதில் புரியாது; ஓரிடத்தில் இருந்தாலும் முழுத்திரையும் வெள்ளையாகிவிடும். பழைய வடிவத்துக்கு மாற்றும் கருவியை இணைத்துக் கட்டுங்கள்.

பிளே ஸ்டோர் வாசல்

25 டொலருக்குக் கடனட்டை, அடையாளச் சரிபார்ப்புக்கு ஆவணம். 2023 நவம்பர் 13க்குப் பின் திறந்த தனிநபர் கணக்கு என்றால், பொது வெளியீட்டுக்கு முன், அழைத்தவர்கள் மட்டும் சேரும் மூடிய சோதனை ஒன்று நடத்த வேண்டும். முதலில் 20 பேர் என்று வைத்தார்கள், 2024 டிசெம்பரில் 12 ஆகக் குறைத்தார்கள். அந்த 12 பேரும் தொடர்ச்சியாக 14 நாள் சோதனையில் சேர்ந்தே இருக்க வேண்டும். லயங்களில் இதன் சிக்கல் வேறு மாதிரி வரும்: போன் வாங்கிய கடையிலேயே போட்டுக்கொடுத்த கூகுள் கணக்கின் கடவுச்சொல் ஆளுக்குத் தெரியாது, ஒரே கணக்கில் இரண்டு போன் ஓடும். ஆகவே 12 போனை அல்ல, 12 தனிக் கணக்கை எண்ணுங்கள். இடையில் யாராவது விலகினாலும் தாங்கும்படி பதினைந்து பதினாறு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இலவசச் செயலி என்றால் கணக்கு வைத்திருப்பவரின் பெயரும் நாடும் கடையில் தெரியும். காசு வாங்கத் தொடங்கினால் முழு முகவரியும் பொதுவில் வரும். வீட்டு முகவரியிலிருந்து செய்கிற இளம் பெண்கள் இதை முதலே அறிந்திருக்க வேண்டும். நுழைவுக் கட்டணத்தைவிட இது பெரிய விலையாகலாம்.

கடைப் பக்கத்துக்குத் தமிழில் எழுதலாம், மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது. தலைப்புக்கு 30 எழுத்து என்பது கணினி எண்ணும் எழுத்து. 'கொழுந்துக் கணக்கு' நம் கண்ணுக்கு ஒன்பது எழுத்து. புள்ளியும் கொம்பும் தனியாக எண்ணப்பட்டு, இடைவெளியோடு 17 ஆகும். 512 பிக்சல் ஐகான், 1024க்கு 500 அளவில் முகப்புப் படம், தனியுரிமைக் கொள்கைக்கு ஒரு பக்கம் தேவை. தரவு போனைவிட்டு வெளியே போகாது என்பதால் தரவுப் பாதுகாப்புப் படிவம் சுலபமாக முடியும்.

வாசல் தாண்டிய பிறகும் வேலை இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஓகஸ்ட் இறுதிக்குள் புதிய அண்ட்ரொய்ட் பதிப்பைக் குறிவைத்துக் கட்ட வேண்டும். 2025 ஓகஸ்ட் 31க்கு அது அண்ட்ரொய்ட் 15. மெல்லிய உறை என்றால் இது எண்ணை மாற்றித் திரும்பக் கட்டும் வேலை மட்டுமே. முழுச் செயலியையும் அண்ட்ரொய்டுக்கென்றே எழுதியிருந்தால் ஆண்டுதோறும் ஒரு திருத்தப் பருவம்.

ஐபோனும் ஹுவாவியும்

ஐபோனுக்கு 29,700 ரூபாய் கட்டவில்லை. சஃபாரியில் முகவரியைத் திறந்து, பகிர்வுப் பொத்தானை அழுத்தி, முகப்புத் திரையில் சேர்க்கச் சொன்னால் போதும். சேர்க்காமல் வெறும் சஃபாரியில் பயன்படுத்தினால், ஏழு நாள் தொடாத தளத்தின் தரவை அது துடைத்துவிடும். முகப்புத் திரையில் வைத்ததற்கு அந்தத் துடைப்பு இல்லை. கட்டணம் கட்டினாலும் இணையதளத்துக்கு வெறும் உறை போட்ட செயலியை அப்பிள் குறைந்தபட்சச் செயற்பாடு விதியைக் காட்டித் திருப்பி அனுப்பும். மெக் கணினியும் வேண்டும். ஆண்டுக் கட்டணம் தவறினால் செயலி கடையிலிருந்து இறங்கும்.

2019 மே மாத அமெரிக்கத் தடைக்குப் பின் வந்த பெரும்பாலான ஹுவாவி போன்களில் பிளே ஸ்டோர் இல்லை. அவற்றுக்குக் கெப்பாசிட்டர் ஏ.பி.கே.யே வழி. ஹார்மனி ஓ.எஸ். நெக்ஸ்ட் ஓடும் புதியவற்றில் ஏ.பி.கே.யும் ஓடாது, அங்கே பிரவுசர் மட்டும்.

அடுத்து வருகிற கருவிகளுக்கு

தலையில் மாட்டிப் பார்க்கும் திரைக் கருவியான அப்பிள் விஷன் புரோ 2024 பெப்ரவரி 2இல் 3,499 டொலருக்கு வந்தது. நம் காசில் பத்து இலட்சத்துக்கு மேல். 2025 ஒக்டோபரில் அதே வகையில் வந்த சாம்சுங் கெலக்ஸி எக்ஸ்.ஆர். 1,799 டொலர், ஐந்து இலட்சத்துக்கு மேல். லயத்துக்கு இவை வராது. ஆனால் தேயிலைத் தொழிற்சாலையில் உருளை இயந்திரத்தைத் தொடாமலே பழக்குவது, உல்லாசப் பயணிக்கு மலையைக் காட்டுவது என்று கேட்டு வருகிறார்கள், அதற்குச் செய்கிற இளைஞர்களும் பண்டாரவளை, பதுளைப் பக்கம் இருப்பார்கள். அவர்களுக்கு இந்தச் செயலியின் கட்டமைப்பு உதவும்.

கருவி வாங்காமலே தொடங்கலாம். கருவியைப் போலவே கணினித் திரையில் ஓடிக் காட்டும் மென்பொருள்கள் உண்டு: அண்ட்ரொய்ட் ஸ்டூடியோவில் எக்ஸ்.ஆர். எமுலேட்டர் இலவசம், விஷன் புரோவின் இயங்குதளமான விஷன் ஓ.எஸ்.க்கு அப்பிளின் எக்ஸ்கோடில் சிமுலேட்டர் இலவசம், ஆனால் அப்பிள் சிப் போட்ட மெக் வேண்டும். பிளேயில் இருக்கும் போன் செயலி அண்ட்ரொய்ட் எக்ஸ்.ஆர்.இல் தட்டைச் சாளரமாக ஓடும்; ஐபேட் செயலி நாம் தடுக்காவிட்டால் விஷன் புரோவில் ஓடும். அதே கணக்கு, அதே கட்டணம், புதிதாக 25 டொலர் இல்லை. விஷன் ஓ.எஸ்.இல் பார்வையால் தேர்ந்தெடுக்கும் பொத்தான்களின் மையங்களுக்கு இடையே 60 புள்ளியாவது இருக்கச் சொல்கிறது அப்பிள். நனைந்த விரலுக்காக வைத்த 64 அளவுப் பொத்தான்கள் அங்கே மாற்றமின்றிப் பொருந்தும். போன் விசைப்பலகையை நம்பாமல் வரைந்த 12 பொத்தான் பலகையும் அப்படியே.

புதிய தளம் வந்தவுடன் அதன் சொந்த மொழியில் முழுதும் எழுதுவதைத் தள்ளிப்போடுங்கள். மைக்ரோசொஃப்டின் போன் இயங்குதளமான விண்டோஸ் 10 மொபைலுக்கான ஆதரவு 2020 ஜனவரியில் நின்றது. அந்தத் தளத்துக்கென்றே முழுச் செயலியையும் எழுதியவர்கள் திரும்பத் தொடங்க வேண்டியதாயிற்று. எடை, வீதம், திகதி மூன்றையும் கையாளும் பகுதி திரையைப் பற்றி எதுவும் அறியாத தனிக் கோப்பாக இருக்கட்டும். நம் செயலியில் அது ஒரே கோப்பு. நோடில் தனியாக ஓட்டிச் சோதிக்கலாம். மார்ச் 1 சோதனையும், 0.1ஐப் பத்துத் தடவை கூட்டும் சோதனையும் அதிலேயே இருக்கின்றன.

கையோடு கொடுக்கும் ஏ.பி.கே.

டவுன் கொமியூனிகேஷன் கடைக்கு ரீலோட் போட வருகிறவரின் போனில் புளூடூத் வழியாகவோ குவிக் ஷெயரிலோ ஏற்றிவிடலாம். தெரியாத மூலத்திலிருந்து நிறுவ அனுமதி கேட்கும். நிறுவி முடிந்ததும் அந்த அனுமதியைத் திரும்ப மூடிவிடச் சொல்லுங்கள். திறந்தபடி விட்டால் வேறு கெட்ட செயலிகளும் அதே வழியால் நுழையும்.

புதுப்பிக்கும்போது பதிப்பு எண் முந்தியதைவிடக் கூடியதாகவும், கையொப்பச் சாவி முந்தியதேயாகவும் இருக்க வேண்டும். சாவி மாறினால் 'செயலி நிறுவப்படவில்லை' என்று வரும், பல போன்கள் காரணத்தைத் தெளிவாகச் சொல்லாது. பழையதை அழித்துப் புதிதாகப் போட்டால் நிறுவும். கூடவே அந்த ஆளின் மாதக் கணக்கெல்லாம் போகும். பிளேயில் மேலேற்றும் சாவி தொலைந்தால் கூகுளிடம் கேட்டு மாற்றலாம். கையால் கொடுத்த ஏ.பி.கே.யின் சாவி தொலைந்தால் வழியே இல்லை. சாவிக் கோப்பை இரண்டு பென் டிரைவில், இரண்டு வீட்டில் வையுங்கள். கடவுச்சொல்லைத் தாளில் எழுதி வேறாக வையுங்கள்.

கடைக்கு வெளியே கொடுக்கும் செயலிகளுக்கும் கட்டுப்பாடு வருகிறது. சரிபார்க்கப்பட்ட ஆளின் செயலியே கூகுள் சான்று பெற்ற அண்ட்ரொய்டில் நிறுவப்படும் என்று 2025 ஓகஸ்டில் கூகுள் அறிவித்தது: 2026 செப்டெம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து, 2027இலிருந்து மற்ற நாடுகள். பிளே கணக்குக்காக ஏற்கெனவே அடையாளம் காட்டியவர், கையால் கொடுக்கும் செயலியின் பொதிப் பெயரையும் (செயலியின் தனி அடையாளப் பெயர்) சாவி ரேகையையும் அதே கணக்கில் பதிந்துகொண்டால் போதும். பிரவுசர் வழியாக முகப்புத் திரையில் சேர்த்த பிரதிக்கு இந்தக் கட்டுப்பாடு பொருந்தாது, ஆகவே ஏ.பி.கே. கொடுக்கும் ஒவ்வொரு போனிலும் முகவரியையும் ஒரு தடவை குரோமில் திறந்து வையுங்கள்.